பன்னிரண்டு சதவீதம்

தம்பேரேயில் நவம்பர் கடைசி.
மூன்றரைக்கே பொழுது சாய்ந்துவிட்டது.
அருவிக்கரையில் பழைய பருத்தியாலை, நாலாம் மாடி,
சன்னலோரம் உட்கார்ந்து
நேற்றுச் செத்தவர்களை எண்ணுகிறேன்.

ஓநாயின் பல்லை வரைகிறவன் வேறொருவன்.
கடித்தால் எவ்வளவு போகும் என்பது
என் பொறுப்பு.

திரையில் வரைபடம்.
செத்த இடத்துக்கெல்லாம் ஒரு சிவப்புப் புள்ளி.
காட்டுக்குள் அங்கொன்று இங்கொன்று;
கல்பாலத்தில் மட்டும்
அம்மை வார்த்ததுபோல் அப்பிக்கிடக்கிறது.
அங்கே இருப்பது ஒரு கரடி.
ஒரே ஒரு கரடி.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு பேர்.

வசந்தத்தில் சாவின் விலை
பாதிப் பணம் என்று வைத்திருந்தேன்.
ஒருமுறை செத்தவன் பாலத்துப் பக்கமே போகவில்லை.
மலை, மலைக்கு அப்பால் உப்புநகரம்,
கதவுக்கு ஒரு கிறீச்சொலி வீதம்
இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்த எழுபது வீடுகள்
ஆளரவமில்லாமல் கிடந்தன.
எல்லாரும் முதல் ஊரிலேயே
முயல் அடித்து, தோல் விற்று,
நல்லபடியாக வாழ்ந்தார்கள்.

கோடையில் விலையை எடுத்துப்போட்டேன்.
செத்தால் ஒன்றும் போகாது,
பக்கத்துக் கல்லில் எழுந்துகொள்ளலாம்.
அப்புறம் கரடியை யாரும் கரடியாகப் பார்க்கவில்லை.
மோதினார்கள், செத்தார்கள், எழுந்தார்கள்.
மலையிறங்கச் சோம்பல்பட்டு
உச்சியிலிருந்து குதித்தார்கள்,
டிக்கெட் இல்லாத டிராம் மாதிரி.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்,
சரி.
ஆனால்
அந்தத் தலைப்பாகையைக் கொஞ்சமாவது
பிடித்திருக்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமைக் கூட்டம்.
இருபது சதவீதம் என்றான் ஹெய்மோ,
வலிக்காத விளையாட்டு வால்பேப்பர் என்றான்.
ஐந்துக்கு மேல் வேண்டாம் என்றாள் வரவுசெலவு பார்க்கும் துய்ரே,
போனவன் திரும்பி வருவதில்லை, ஸனெல்மா.
காப்பி தீர்ந்திருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.
நான் பன்னிரண்டு என்று எழுதினேன்.
ஏன் என்று கேட்டார்கள்.
பதிமூன்று கொடுமையாகத் தோன்றியது, அவ்வளவுதான்.
பை மட்டும் விழுந்த இடத்தில் கிடக்கும்.
போய் எடுத்துக்கொள்ளலாம்.
போகிற வழியில் மறுபடி செத்தால்
அதுவும் கிடையாது.

இன்றைக்குப் பட்டியலில் ஒருவர்.
எண் மட்டும் தெரிகிறது: 80311. ஊர் ஒளலு.
பாலத்தில் அறுபத்து மூன்று தடவை செத்திருக்கிறார்.
எங்கேயோ பிழை என்று பையைத் திறந்து பார்த்தேன்.
மூன்று செப்புக்காசு, பாதி ரொட்டி, ஒரு தூண்டில்முள்.
மூன்றில் பன்னிரண்டு சதவீதம் எவ்வளவு?
எங்கள் கணக்கில் அது பூச்சியம்.

பதிவை ஓட்டிப் பார்த்தேன்.
வாளை உருவவே இல்லை.
பாலத்தின் நடுவில் நிற்கிறார்,
குனிந்து தண்ணீரைப் பார்க்கிறார்.
நாற்பது நொடியில் கரடி வருகிறது.
எழுகிறார், நடந்து வருகிறார்,
நிற்கிறார்.

அந்தத் தண்ணீரின் சத்தம் நான் பிடித்தது.
போன ஜனவரி, விடியற்காலை ஐந்து மணி,
இதே சன்னலுக்குக் கீழே,
மைக்குக்குக் கம்பளித் தொப்பி மாட்டி.
நடுவில் ஓரிடத்தில் என் இருமல்கூட இருக்கிறது,
வெட்ட மறந்துவிட்டேன்.
அறுபத்து மூன்று நாற்பதுகள்,
நாற்பத்திரண்டு நிமிஷம்.

கரடியின் வரிசைக்குப் போனேன்.
வரும் நேரம்: நாற்பது.
முந்நூறு என்று மாற்றினேன்.
அழித்தேன்.
கரடியே வராவிட்டால் அவர் நிற்பாரா?
தெரியவில்லை.
அறுபது. அழித்தேன்.
அதற்குள் துப்புரவு இயந்திரம் வந்து
காலைத் தூக்கச் சொல்லிப் பீப் பீப் என்றது.
நாற்பது நாற்பதாகவே இருக்கிறது.

வெளியே பனி உறைந்து பாலம் வழுக்கியது.
கையுறையை மேஜையிலேயே விட்டிருந்தேன்.
வெறுங்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு
நடுவில் நின்று
கீழே பார்த்தேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

டிராம் வந்தது.